ஆராய்ச்சி யார் வீட்டுச் சொத்து?

நமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற்குப் போகத் தொடங்கியபோது, "இவர்களுக்குப் படிப்பு வருமா?" என்று கேட்டார்கள். பட்டம் வாங்கிய பிறகு, "பட்டம் சரி, ஆராய்ச்சிக்கு வேண்டிய மூளை இருக்கிறதா?" என்கிறார்கள். கேள்வி மாறிற்றே ஒழிய, கேட்பவர்களின் எண்ணம் மாறவில்லை.

இந்தத் தகுதிப் புராணக்காரர்களை ஒன்று கேட்கிறோம். வெறிநாய்க்கடிக்கு 1885-ல் ஊசி மருந்து கண்ட பாஸ்டர் யாருடைய பிள்ளை? பிரான்சு தேசத்தில் தோல் பதனிட்டுப் பிழைத்த ஒருவருடைய பிள்ளை. அதே தொழிலாளி வீட்டில் அவர் இந்த நாட்டில் பிறந்திருந்தால், ஊருக்கு வெளியே குடிவைத்து, கிணற்றில் தண்ணீர் மொள்ளவும் விட்டிருக்கமாட்டார்கள். அங்கே பிறந்ததால் உலகம் பிழைத்தது. 1907-ல் குன்னூரில் அவர் பேரால் ஒரு நிலையமும் ஏற்பட்டது. நாய் கடித்தால் சாஸ்திரிகளும் தோல்காரர் மகன் கண்ட மருந்தைத் தேடித்தானே ஓடுகிறார்?

மாரியாத்தாளுக்குக் கூழ் ஊற்றினோம், தீ மிதித்தோம், பெரியம்மை போகவில்லை. வீடு வீடாய் அம்மை குத்திய பிறகே, 1975-க்குப்பின் இந்தியாவில் அது இல்லாமற் போயிற்று. 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தார்கள். 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி நிலையம், வீட்டிலிருந்தே மருந்து தின்ற ஏழைகளும் சானடோரியத்தில் படுத்துத் தின்றவர்களைப் போலவே குணமாகிறார்கள் என்று 1959-ல் காட்டிற்று. ஏழையின் நோயை ஏழையின் வீட்டில் வைத்தே ஆராய்ந்ததால் கிடைத்த உண்மை இது. அந்த வீட்டில் பிறந்தவனே ஆராய்ச்சிக்காரனானால் இன்னும் என்னென்ன கேள்வி கேட்பான்!

நிற்க, முதல் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்விக் கட்டணச் சலுகையைத் தமிழ்நாட்டுச் சர்க்கார் 2010-ல் கொண்டுவந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித இடம் 2020-ல் வந்தது. நல்லதுதான், ஆனால் அது வாசற்படி. அதற்கு மேல் வழிகாட்ட ஆள் யார்? எந்தச் சோதனைச்சாலைக்கு எப்போது எழுதவேண்டும் என்பது, பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. செருப்புத் தைப்பவர் மகளுக்கு யார் சொல்வார்?

பரீட்சையில் தேறிய இளம் ஆராய்ச்சியாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உபகாரச் சம்பளம் என்று கணக்கு இருக்கிறது. கைக்கு வர மாதக்கணக்காகிறது என்று மாணவர்கள் பல வருஷமாய் முறையிடுகிறார்கள். வீட்டில் காசுள்ளவன் பொறுப்பான். வட்டிக்கு வாங்கிப் படித்தவன் ஆராய்ச்சியை விட்டு, மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாய்ப் போவான். உடனே தகுதிக்காரர், "பார்த்தீர்களா, நிலைக்கவில்லை" என்பார். பட்டினி போட்டுவிட்டுப் பலமில்லை என்பது என்ன யோக்கியதை?

ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல. உபகாரச் சம்பளம் மாதந்தவறாமல் வரவேண்டும். அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் சோதனைச்சாலையில் வேலை பழக, சாப்பாட்டுச் செலவோடு இடம் கொடுக்கவேண்டும். நம்மில் முன்னே போனவர்கள் ஆளுக்கொரு பிள்ளைக்காவது வழி சொல்லவேண்டும்.

தோழர்களே! கும்பாபிஷேகத்திற்குத் தலைக்கட்டு வரி போட நமது ஊர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்த வரியில் ஒரு வருஷத்துப் பங்கை ஊரின் முதல் பட்டதாரிக்குக் கொடுத்துப் பாருங்கள். கலசத்திற்கு ஊற்றிய தண்ணீர் எந்த நோயையும் தீர்த்ததில்லை. அந்தப் பிள்ளை ஒரு நோயையாவது தீர்க்கக் கூடும்.