விடியற்காலையில் மிதக்கும் மீன்கள்... கோடையில் வண்ணமீன் தொட்டியைக் காப்பது எப்படி?

கேள்வி: ‘‘வீட்டுக் கொல்லையில் நான்கு சிமென்ட் தொட்டிகள் கட்டி கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ் வளர்க்கிறோம். போன வருடமும் இந்த வருடமும் சித்திரை பிறந்ததும் விடியற்காலையில் மீன்கள் செத்து மிதக்கின்றன. மீன் வாங்க வருபவர் ‘வெயில் நோய்’ என்று சொல்லி மருந்து கொடுத்தார். பலன் இல்லை. மகளிர் குழுவில் வாங்கிய கடன் இன்னும் பாக்கி இருக்கிறது. தொழிலை விட்டுவிடலாமா, இல்லை வழி ஏதும் உண்டா?’’

- வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

பதில்: கேள்வியில் உள்ள ‘விடியற்காலை’ என்ற சொல்லே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. வெயிலின் சூடு மட்டுமே கொல்வதாக இருந்தால், மீன்கள் மதியம் இரண்டு, மூன்று மணிக்குச் சாக வேண்டும். தண்ணீர் ஓரளவு ஆறியிருக்கும் விடியற்காலையில் சாகின்றன என்றால், பெரும்பாலும் காரணம் மூச்சுத்திணறல்தான். அதற்கு மருந்து ஊற்றிப் பயனில்லை. காற்றும் நிழலும்தான் மருந்து.

இரவில் என்ன நடக்கிறது?

தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் அதிகபட்சம் 8.3 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 35 டிகிரியில் அது 7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். அதேநேரம், சூட்டில் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். வரவு குறையும்போது செலவு கூடுகிறது.

இதோடு பாசியும் சேர்ந்துகொள்கிறது. திறந்தவெளித் தொட்டியில் தண்ணீர் பச்சையாக இருப்பது நல்லது என்று பலரும் நம்புகிறார்கள். அளவோடு இருந்தால் நல்லதுதான். பகலில் பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும். பொழுது சாய்ந்ததும் அதே பாசி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். இரவு முழுவதும் மீன், பாசி, அடியில் மக்கும் தீவனம் மூன்றும் எடுத்துக்கொண்டே இருப்பதால், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்புதான் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அப்போதுதான்.

சாவை வைத்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

மருந்து வாங்குவதற்கு முன்பு, எந்த நேரத்தில், எப்படிச் சாகின்றன என்று கவனிக்க வேண்டும்.

* விடியற்காலையில் எல்லா மீன்களும் மேலே வந்து திணறி, பெரிய மீன்கள் முதலில் செத்து, வெயில் ஏறியதும் மற்றவை தெளிந்துவிட்டால் - ஆக்சிஜன் பற்றாக்குறை.

* மதியத்தில் திணறல், செவுள் சிவந்து கன்றிப்போதல், தண்ணீரில் கெட்ட வாடை - அமோனியா. மீனின் கழிவும் மிச்சத் தீவனமும் அமோனியாவாக மாறும். பாசி அதிகமுள்ள தொட்டியில் மதியத்தில் காரத்தன்மை ஏறும். பி.ஹெச் அளவு 7-ல் இருந்து 8-க்கு ஏறினால், அமோனியாவின் நஞ்சான பகுதி ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும்.

* உடலில் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள், தினமும் ஒன்றிரண்டு சாவு - வெண்புள்ளி நோய். கோடைமழை திடீரெனக் கொட்டி, சூடான தண்ணீர் சட்டென்று குளிர்ந்த பிறகு இது அதிகம் வரும்.

* ஒரே நாளில் குஞ்சு முதல் தாய் மீன் வரை துடிதுடித்துச் செத்தால் - நஞ்சு. பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா என்று விசாரிக்க வேண்டும். சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்திராய்டு மருந்துகள் மீனுக்குக் கடும் நஞ்சு. காற்றில் வரும் சாரலே போதும். மருந்து கலக்கிய வாளி, குவளையைக் கழுவிவிட்டும்கூட மீன் தொட்டியில் விடக் கூடாது.

நிழல், ஆழம், சுவர்

முதல் வேலை நிழல். தொட்டிக்கு மேலே ஆறேழு அடி உயரத்தில், காற்று புகுந்து போகும்படி 50 அல்லது 75 சதவிகித நிழல்வலை கட்டலாம். வலை வாங்க வசதி இல்லையென்றால் தென்னங்கீற்றுப் பந்தலே போதும். மேற்குப் பக்கத்தில் ஒரு தட்டி சாய்த்து வைத்தால் பிற்பகல் வெயில் மட்டுப்படும். காலை வெயில் ஒரு மணி நேரம் படுவதில் தவறில்லை.

அடுத்தது ஆழம். ஒரே வெயிலில் ஓரடித் தண்ணீர் இரண்டடித் தண்ணீரைவிட ஏறக்குறைய இரு மடங்கு சூடேறும். அதனால், பங்குனி கடைசியிலேயே தண்ணீர் மட்டத்தை ஏற்றிவிட வேண்டும். தொட்டியின் வெளிச்சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், ஈரச் சாக்கைச் சுற்றி நனைத்துக்கொண்டே இருப்பதும் செலவில்லாத குளிர்ச்சி. ஐஸ்கட்டி போடவே கூடாது. சூட்டைவிடத் திடீர் மாற்றம்தான் மீனை அதிகம் பாதிக்கும்.

தண்ணீர்ப் பரப்பில் அசோலா மிதக்கவிடலாம். ஆனால், பாதிப் பரப்புக்கு மேல் மூட விடக் கூடாது. முழுவதும் மூடிக்கொண்டால் காற்று தண்ணீரில் கரைய வழியில்லாமல் போகும். மிஞ்சியதை அள்ளி மாட்டுக்கோ, கோழிக்கோ போட்டுவிடலாம்.

தண்ணீர்க் கணக்கு

ஆறடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடித் தண்ணீர் உள்ள தொட்டியில் 36 கன அடி, அதாவது சுமார் 1,000 லிட்டர் பிடிக்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

வாரம் ஒருமுறை கால் பங்கு, அதாவது 250 லிட்டர் அளவுக்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். மேல் தண்ணீரை மொண்டு ஊற்றுவதில் பயனில்லை. குழாய் வைத்து அடியில் உள்ள கழிவோடு உறிஞ்சி எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வாழைக்கும் கீரைக்கும் நல்ல உரம்.

புதிதாக விடும் தண்ணீர் ஒருநாள் முன்பே வேறு தொட்டியில் பிடித்து வைத்ததாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அதற்குள் பெரும்பாலும் போய்விடும். ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாகவே இருக்கும். உயரத்திலிருந்து சிதறி விழும்படி விட்டால் காற்று கலக்கும். வெயிலில் கிடக்கும் குழாயில் முதலில் வருவது கொதிக்கும் தண்ணீர். அதை வெளியே விட்டுவிட்டுத்தான் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.

பாசி அளவைப் பார்க்கக் கருவி வேண்டாம். கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டால், உள்ளங்கை மங்கலாகவாவது தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பாசி அதிகம். இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றிக் குறைக்க வேண்டும்.

காற்றுப் பம்பு ஒன்று இரவில் ஓடுவது அவசியம். பகலில் நிறுத்தினாலும் இரவில் நிறுத்தக் கூடாது. மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர்களில், பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு கைவசம் இருக்க வேண்டும். அதுவும் இல்லாத நாளில், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, வாளியில் தண்ணீரை மொண்டு இரண்டடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தால் மீன் பிழைக்கும்.

தீவனமும் எண்ணிக்கையும்

ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்குத்தான் தீவனம் போட வேண்டும். காலையில் வெயில் ஏறும் முன்பு ஒருமுறை, மாலையில் ஒருமுறை போதும். இருட்டிய பிறகு போடும் தீவனம் அடியில் அழுகி, இரவில் இருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். மீன் திணறும் நாளில் தீவனமே வேண்டாம். ஒருநாள் பட்டினியால் மீன் சாகாது.

எண்ணிக்கைதான் பலரும் தவறவிடும் இடம். மார்கழியில் நன்றாக இருந்த கூட்டம், அதே தொட்டியில் சித்திரையில் நெருக்கடியாகிவிடும். காற்றுப் பம்பு நம்பகமாக இல்லாத இடத்தில், வளர்ந்த கப்பி ஒன்றுக்கு மூன்று, நான்கு லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 1,000 லிட்டர் தொட்டியில் 250 முதல் 300 மீன்கள். மிச்சத்தை அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே விற்றுவிட வேண்டும். விலை கொஞ்சம் குறைந்தாலும், செத்த மீனுக்கு விலையே கிடையாது.

கோடையில் எதை இனப்பெருக்கம் செய்யலாம்?

கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீரை விரும்பும் மீன். கோடையில் அதை முட்டையிட வைக்க முயல வேண்டாம். நல்ல தாய் மீன்களை மட்டும் நிழல் அதிகமுள்ள தொட்டியில் நெருக்கமில்லாமல் வைத்துக் காப்பாற்றினால் போதும்.

கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டிபோடும் மீன்கள் நிழல் இருந்தால் கோடையிலும் பெருகும். கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குட்டி போடும். ஒரு ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் விடலாம். தாய் மீனே குட்டியைத் தின்றுவிடும் என்பதால், குட்டி மட்டும் நுழைந்து வெளியேறும்படி வலைக்கூண்டு கட்டித் தாயை அதற்குள் விட வேண்டும். ஒருமுறை சேர்ந்த ஆணின் விந்தைப் பெண் கப்பி பல மாதங்கள் உடலில் வைத்திருந்து குட்டி போடும். அதனால், நான்கைந்து வாரத்திலேயே ஆண், பெண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காவிட்டால் நிறங்கள் கலந்துவிடும், விலையும் போய்விடும்.

ஃபைட்டர், கௌராமி இரண்டும் மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரையும் தாங்கும். ஆண் ஃபைட்டர் நுரைக்கூடு கட்டி முட்டையைக் காக்கும். முட்டையிட்டதும் பெண்ணையும், குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும். வளர்ந்த ஆண்களைத் தனித்தனிப் பாட்டிலில்தான் வைக்க முடியும் என்பதால் இடமும் உழைப்பும் கூடுதல் தேவை. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குட்டிகள் இருக்கும் திறந்த தொட்டிக்குக் கொசுவலை கட்டாயம். மீன்கொத்தியும் தவளையும் கண்ணுக்குத் தெரியும் எதிரிகள். தும்பி முட்டையிட்டு வரும் புழு, தெரியாமல் அடியில் இருந்துகொண்டே குட்டிகளைத் தின்று தீர்க்கும்.

தொழிலை விடலாமா?

இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வைகாசி வரை சொந்தத் தண்ணீர் கிடைக்குமா? இரவில் தொட்டிக்குக் காற்று கொடுக்க வழி இருக்கிறதா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், தாய் மீன்களை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதை விற்றுவிடுவதுதான் புத்திசாலித்தனம். அது தொழிலை விடுவது ஆகாது. மானாவாரி நிலத்தைக் கோடையில் ஆறப்போடுவதில்லையா, அதுபோலத்தான்.

‘ஆம்’ என்றால், நான்கு தொட்டிகளிலும் மீனை நிரப்பாமல், இரண்டில் மீன், ஒன்றில் பிடித்துவைத்த தண்ணீர், ஒன்றில் குட்டிகளுக்கு உணவாகும் தண்ணீர்ப்பூச்சி என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு வெப்பமானி வாங்கி, காலையிலும் மதியம் மூன்று மணிக்கும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். மதியத்தில் 32 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் நிழல் போதவில்லை என்று பொருள். இத்தனையும் செய்த பிறகும் சாவு நிற்கவில்லையென்றால், நோட்டையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போகலாம்.

பழைய கடன் நிற்கும்போது இந்தக் கோடையில் புதுத் தொட்டிக்காகக் கடன் வாங்க வேண்டாம். பின்னால் விரிவாக்கும் எண்ணம் வந்தால், 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற வண்ணமீன் வளர்ப்புக்கு மானியம் உண்டு. அலகுச் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவிகிதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவிகிதம் என்று அறிவிக்கப்பட்டது. இப்போதைய நிலவரத்தை அதே அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு இறங்குவது நல்லது.

ஒரு எச்சரிக்கை. விலை போகாத மீனைப் பாவம் பார்த்து ஏரியிலோ, கால்வாயிலோ விட்டுவிடக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கிய சக்கர் மீனை அப்படி விட்டதன் விளைவை, தமிழ்நாட்டு ஏரிகளில் வலை கிழிந்து நிற்கும் மீனவர்கள் இன்று அனுபவிக்கிறார்கள்.