ஒரு சிறு கல் போதும்!

அயல்நாட்டு விமானப் படைத் தளத்துக்குள் யார் வேண்டுமானாலும் நுழைய முடியாது. ஆனால் விமானப் பயிற்சி மாணவர்கள் நுழைகிறார்கள், அதுவும் விருந்தாளிகளாக!

பிரிட்டன், கனடா முதலிய நாடுகள் தங்கள் மாணவர்களை இப்படி மாற்றி மாற்றி அனுப்புகின்றன. அந்த இரு நாடுகளிலும் இந்த மாணவர் படைகள் தோன்றிய ஆண்டு 1941. யுத்த காலம். அன்று சண்டைக்கு ஆள் வேண்டியிருந்தது. இன்று சிநேகத்துக்கு அனுப்புகிறார்கள். நல்ல மாற்றம்தான்.

போன இடத்தில் என்ன நடக்கிறது? ஜெட் விமானத்தில் ஏறி உட்காருகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது மட்டும் போதுமா?

ஓடுபாதையில் கிடக்கும் சிறு கல் ஒன்று எஞ்சினுக்குள் போனால், எஞ்சினே பாழாகிவிடலாம். அதனால் படையினர் வரிசையாக, குனிந்த தலை நிமிராமல் நடந்து, கல்லையும் ஆணியையும் பொறுக்குகிறார்கள். பழுது பார்க்கும் கொட்டகையில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே ஓர் இடம் உண்டு. ஒரு ஸ்பானர் குறைந்தாலும், தேடிக் கண்டுபிடிக்காமல் விமானத்தைக் கிளப்ப மாட்டார்கள்.

விருந்தாளிப் பிள்ளைகளை அந்த வரிசையில் நிறுத்த வேண்டும். வந்தவர்களை வேலை வாங்குவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். கல்யாணத்துக்கு வந்த உறவுக்காரப் பையன் பந்தி பரிமாறுவதில்லையா? அரை மணி நேரம் பொறுக்கட்டும். படம் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.