ஊவாவில் யாரிடம் எதைக் கேட்பது

2014 செப்டம்பர் 20ஆம் திகதி ஊவா மாகாண சபைக்கு வாக்களித்தோம். அடுத்து வரவிருந்த ஜனாதிபதித் தேர்தலுக்கு அதுவே ஒத்திகை என்று நாடு முழுவதும் பதுளையையும் மொனராகலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. வாக்களித்து 39ஆம் நாள், ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி வந்தது. காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு இருந்தது. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அந்த மண் சரியும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆகவே அந்தத் தேர்தல் நடந்த நாட்களில் மீரியபெத்தை ஆபத்தான இடம் என்பது அரசாங்கத்தின் கோப்பில் இருந்த விஷயம். கோப்பில் இருந்தது வாக்குக் கேட்க வந்தவரின் முன்னால் கேள்வியாக வைக்கப்பட்டிருந்தால், 39 நாட்களுக்குள் ஒரு லயமாவது காலியாகியிருக்கும் என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

காலநிலை, பசுமை எரிசக்தி என்று பேச்செடுத்தால் தோட்டத்தில் கிடைக்கும் பதில் தெரிந்ததுதான்: அதெல்லாம் கொழும்பில் பேசுகிற பேச்சு, எங்களுக்குச் சம்பளமும் வீடும் ரோடும் தண்ணியும் கிடைத்தால் போதும். இந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. சொல்லப்போனால், காலநிலைக் கொள்கை மலையகத்தில் எந்த உருவத்தில் வந்து நிற்கிறது என்பதை இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

சம்பளத்தையே எடுப்போம். ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் வாசத்தைத் தருகிறது. இலை காய்ந்து, சுருங்கி, மணம் ஏறும். ஏலத்தில் விலையும் ஏறும். ஆனால் காய்ச்சல் அளவு மீறினால் கொழுந்து வராது. கொழுந்து வராத மலையில் நாள் முழுக்க நின்றாலும் கிலோ சேராது, ஒரு நாள் பேர் அரைநாள் பேராகும். அடைமழை நாளிலும் கணக்கு இதேதான். மழையும் வெயிலும் தம் காலம் தவறும்போது அந்த நட்டம் முதலில் எழுதப்படுவது கொழுந்து பறிக்கும் பெண்ணின் செக்ரோலில். கம்பனியின் கணக்குப் புத்தகத்துக்கு அது பிறகுதான் போகிறது.

வீட்டுக்கு வருவோம். மண்சரிவு எச்சரிக்கைக்கு ஓர் எளிய அளவு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். லயத்தில் இருப்பவர்களுக்கு வேறு அடையாளங்களும் தெரியும். பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கும், அல்லது நின்றுபோகும். நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் இடிக்கும். லயத்துக்குப் பின்னால் உள்ள கானில் ஓட வேண்டிய தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். இவ்வளவும் தெரிந்திருந்தும் இராத்திரியில் காம்பராவை விட்டு வெளியேறாமல் இருப்பது அறியாமையால் அல்ல. போக இடம் இல்லை. அவர்கள் நிற்கும் தரை அரசுக்குச் சொந்தம், கம்பனிக்குக் குத்தகை. வேறு பாதுகாப்பான மேட்டில் ஒரு குடிசை போடக்கூட அவர்கள் பெயரில் ஒரு பேர்ச் காணி கிடையாது. தன் காணியில் இருக்கும் கிராமத்து விவசாயி ஆபத்தைப் பார்த்து ஒதுங்கிக் கட்டிக்கொள்ளலாம், விற்றுவிட்டுப் போகலாம். லயத்துக் குடும்பத்துக்கு இரண்டு வழியும் அடைபட்டிருக்கிறது. காணி உரிமையைப் பரம்பரைக் கோரிக்கை என்று மட்டும் பேசிப் பழகிவிட்டோம். மழை இப்படிப் பெய்யும் காலத்தில் அதுவே மலையகத்தின் முதல் காலநிலைக் கோரிக்கை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அதிகம் அடிவாங்கிய மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்ல அறிவிப்பு. ஆனால் வீடும் காணியும் யார் பெயரில் என்ற கேள்வி தீராமல் அந்தப் பணம் லயத்துக்கு முழுதாக வந்து சேராது.

இனி மின்சாரம். பதுளை மாவட்டத்துக்கு வந்த மிகப் பெரிய பசுமை மின் திட்டம் உமா ஓயா. புகுல்பொலவிலும் டயரபாவிலும் அணை கட்டி, 15 கிலோமீற்றருக்கு மேல் மலையைக் குடைந்து தண்ணீரைக் கொண்டுபோய், நிலத்துக்கடியில் உள்ள நிலையத்தில் 120 மெகாவாட் எடுத்து, பிறகு அந்தத் தண்ணீரைத் தென்கிழக்கின் வறண்ட வயல்களுக்கு விடுவது திட்டம். 2024 ஏப்ரல் 24ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி வந்து திறந்துவைத்தார். நிலக்கரியும் எண்ணெயும் எரிக்காத மின்சாரம்தான், சந்தேகமில்லை. அதற்குக் கொடுத்த விலையை பண்டாரவளைக்காரரிடம் கேட்க வேண்டும்.

2014 டிசம்பரில் சுரங்கம் தோண்டும் இயந்திரம் பாறை வெடிப்பு ஒன்றைத் தொட்டது. மலைக்குள் காலங்காலமாகச் சேர்ந்திருந்த நீர் சுரங்கத்துக்குள் கொட்டத் தொடங்கியது. நிலத்தடி நீர் மட்டம் இறங்கினால் இரண்டு காரியம் நடக்கும். கிணறும் ஊற்றும் வற்றும். நீர் தாங்கிக்கொண்டிருந்த மண் அமுங்கும். அமுங்கினால் மேலே உள்ள சுவர் பிளக்கும். ஹீல் ஓயாப் பக்கம் இரண்டும் நடந்தன. அதுவரை கயிறு விட்டுத் தண்ணீர் இறைத்தவர்கள் பிளாஸ்டிக் தாங்கி வைத்து பவுசருக்குக் காத்திருந்தார்கள். சுவரில் விரல் நுழையும் வெடிப்புகள். 2017 ஜூன் 28ஆம் திகதி பண்டாரவளை நகரம் கடையடைத்துத் தெருவுக்கு இறங்கியது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் தண்ணீருக்காக ஒன்றாக நின்ற நாள் அது. இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு நாளை அடிக்கடி பார்த்ததில்லை.

இதைச் சொல்வதால் நீர்மின்சாரம் வேண்டாம் என்று ஆகாது. நாட்டின் உச்ச மின்தேவை 2,500 மெகாவாட்டைத் தாண்டும். அதில் 120 மெகாவாட் அற்பமல்ல. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுப்பது என்று நாடு இலக்கு வைத்திருக்கிறது, அதையும் ஆதரிக்கிறோம். புகை வராத மின்சாரம் என்பது ஒரு விஷயம், யாருடைய கிணற்றையும் வற்றவைக்காத மின்சாரம் என்பது இன்னொரு விஷயம். இரண்டையும் சேர்த்துக் கேட்கும் உரிமை வாக்காளருக்கு உண்டு. மன்னாரில் அதானி காற்றாலைத் திட்டம் 2024 ஜனாதிபதித் தேர்தலில் மேடைப் பேச்சாகி, 2025 பெப்ரவரியில் அந்தக் கம்பனி விலகிப்போனது. அங்கே பறவைகளின் வழித்தடமும் மின்னலகு விலையும் தேர்தல் கேள்வியாயின. உமா ஓயாவில் கிணறு வற்றியபிறகுதான் ஊர் கேட்டது.

பசுமை என்ற சொல்லை வைத்து மட்டும் ஒரு வாக்குறுதியை எடைபோட முடியாது என்பதற்கு உரத் தடை போதும். 2019இல் வென்ற ஜனாதிபதியின் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் மெல்ல மாறுவது என்று இருந்த சேதன விவசாயம், 2021இல் ஒரே அடியில் இரசாயன உரத் தடையாக வந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீங்கியது. 2022இல் நாட்டின் தேயிலை விளைச்சல் ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. முந்தைய ஆண்டில் அது 30 கோடிக்கு அருகில் இருந்தது. வாக்குறுதியில் என்ன இருக்கிறது என்பதோடு, எத்தனை ஆண்டில், யாரைக் கேட்டு, எந்தப் பணத்தில் என்பதையும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் நம் ஆட்கள் பலருக்கும் குழப்பம். மூன்று சபைகளுக்கு வாக்களிக்கிறோம். மூன்றிடமும் ஒரே கோரிக்கையை வைத்து மூன்றிடமும் ஒரே பதிலைக் கேட்டுத் திரும்புகிறோம்.

பெரிய மின் திட்டங்கள், மின் கட்டணத்தின் அடிப்படைச் சட்டம், தோட்டக் காணியின் குத்தகை, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பணமும் ஆட்களும் எல்லாம் பாராளுமன்றத்தின் பக்கம். 2024 நவம்பர் 14ஆம் திகதி பதுளை மாவட்டம் ஒன்பது பேரை அங்கே அனுப்பியது. அதில் ஆறு ஆசனம் தேசிய மக்கள் சக்திக்கு. அம்பிகா சாமுவேல், கிட்ணன் செல்வராஜ் ஆகிய மலையகத் தமிழர் இருவர் அந்த ஆறில் இருக்கிறார்கள். பெருந்தோட்ட அமைச்சர் சமந்த வித்யாரத்னவும் இதே மாவட்டத்தவர். லயத்தை மாற்றிக் கட்டும் இடத்துக்குக் காணி உறுதி எப்போது என்ற கேள்வியோடு போக இதைவிட நேரான கதவு நமக்கு முன்னர் இருந்ததில்லை.

மாகாண சபை நடுவில் இருக்கிறது. 13ஆவது திருத்தத்தின்படி, நீர்மின்சாரமும் தேசிய மின்கட்டமைப்புக்குப் போகும் மின்சாரமும் நீங்கலாக, மாகாணத்துக்குள் மின் உற்பத்தி இடங்களை வளர்க்கும் அதிகாரம் அதற்கு உண்டு. சட்டம் அனுமதிக்கும் அளவுக்குச் சுற்றாடல் பாதுகாப்பும் உண்டு. நீர்மின்சாரம் விலக்கப்பட்டிருப்பதால் உமா ஓயா போன்ற ஒன்றை மாகாண சபையால் தடுத்திருக்க முடியாது. ஆனால் ஒரு தோட்டப் பாடசாலையின் கூரையில் அதன் தேவைக்கு மட்டும் சூரிய மின்தகடு வைப்பதை அது தன் வேலையாக எடுக்கலாம். எடுக்க ஆள் இல்லை. 2014இல் நாம் தெரிவுசெய்த சபையின் காலம் 2019இல் முடிந்தது. தேர்தல் முறையை மாற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் எல்லை நிர்ணயத்தில் சிக்கிக்கொண்டது. ஆளுநர் நிர்வாகம் நடத்துகிறார். ஆளுநரிடம் வாக்குக் கேட்டு வரச் சொல்ல முடியாது.

பிரதேச சபை கடைசி, ஆனால் மிக அருகில் உள்ளது. 2018இல் சட்டம் திருத்தப்படும் வரை தோட்டத்துக்குள் வேலை செய்யப் பிரதேச சபைக்குச் சட்டமே தடையாக இருந்தது. இப்போது அந்தத் தடை இல்லை. 2025 மே 6ஆம் திகதி தெரிவான உறுப்பினரிடம் தூர்ந்துபோன கானைப் பற்றியும், மழையில் அறுந்துபோகும் தோட்டப் பாதையைப் பற்றியும், பீலிக்கு மேல் உள்ள ஊற்றுக்கண்ணைச் சுற்றி மரம் வெட்டுவதைப் பற்றியும் கேட்கலாம். சிறிய வேலைகள்தான். ஆனால் தூர்ந்த கான் மண்சரிவுக்கு வழி திறக்கலாம்.

இன்னொன்றும் கேட்கலாம், அதற்குப் பணமே தேவையில்லை. பெரும்பாலான தோட்டங்களில் மழைமானி இருக்கிறது. ஆபீசுக்கோ இஸ்டோருக்கோ அருகில், சிறு வேலிக்குள், ஒரு பித்தளைக் குடுவை. ஒவ்வொரு காலையும் அதை அளந்து புத்தகத்தில் எழுதுவார்கள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து எழுதிவருகிறார்கள். கொழுந்துக் கணக்குக்காக எழுதும் அந்த எண்ணும் 75, 100, 150 என்ற எண்களும் ஒரே அளவைப் பற்றியவை. அதைக் காலைப் பெரட்டில் தமிழில் உரக்க வாசிக்கச் சொல்லலாம். அடைமழை நாளில் மாலையிலும் ஒரு தடவை அளந்து, லயத்துத் தலைவரின் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லலாம்.