அறிந்துகொள்வோம்: வானலைத் தபாலுக்கும் விலாசம் வேண்டும்



கனடாவுக்கு வந்த புதிதில் ஓராண்டுக்குள் இரண்டு மூன்று வீடு மாறுவது எமக்குப் பழகிப்போன சங்கதி. பழைய விலாசத்துக்குப் போய்த் தவறிய கடிதங்களின் கதை எல்லோரிடமும் உண்டு. வானலையில் தபால் அனுப்பும் அமெச்சூர் வானொலிக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. அவர்கள் கண்ட வழியை இம்முறை பார்ப்போம்.

1978 மே 31ஆம் திகதி மொன்றியலில், எழுத்துச் செய்தியைச் சிறு பொதிகளாக்கி வானலையில் அனுப்பும் முறையை அமெச்சூர் வானொலிக்காரர்கள் முதன்முதலில் செய்துகாட்டினார்கள். இதற்குப் பக்கெற் ரேடியோ என்று பெயர். 1980களில் இது பல நாடுகளுக்கும் பரவியது. செய்தியை வாங்கி வைத்து அடுத்த நிலையத்துக்குக் கைமாற்றும் ‘தபால் நிலையங்கள்’ ஆர்வலர்களின் வீடுகளிலேயே இயங்கின.

நிலையங்கள் பெருகியபோது, எல்லா நிலையங்களின் பெயரையும் ஒவ்வொரு நிலையமும் வைத்திருக்க முடியவில்லை. ஆகவே விலாசத்தைப் படிப்படியாக எழுதினார்கள். முதலில் ஆளின் அழைப்புக்குறி. அடுத்து அவர் தபால் எடுக்கும் நிலையத்தின் குறி. அதன்பின் தெற்கு ஒன்ராறியோ, ஒன்ராறியோ, கனடா, வட அமெரிக்கா என்று சிறிய இடத்திலிருந்து பெரிய இடத்துக்குப் போகும்.

லண்டனில் உள்ள நிலையம் இதை இடமிருந்து வலமாகப் பார்க்கும். ரொறன்ரோ நிலையத்தின் குறி அதன் பட்டியலில் இல்லாவிட்டால் அடுத்த சொல்லைப் பார்க்கும். ‘வட அமெரிக்கா’ மட்டுமே தெரிந்தாலும் அத்திசைக்கு அனுப்பிவிடும். செய்தி கனடாவை அடைந்ததும் ஒன்ராறியோ என்பது புரியும். கிட்ட வந்ததும் உரிய நிலையமே தெரியவரும். ஆனால் ஓர் எழுத்து விடுபட்டாலும் ஆபத்து. கனடாவின் குறி சீ, ஏ, என். கடைசி எழுத்தை விட்டால் அது கலிபோர்னியா!

வீடு மாறியவர், தாம் இனித் தபால் எடுக்கும் நிலையம் எது என்பதைத் தாமே பதியவேண்டும். ‘வெள்ளைப் பக்கங்கள்’ என்னும் பதிவேடு அதை மற்ற நிலையங்களுக்கும் தெரிவிக்கும். பதியாதவரின் செய்தி பழைய நிலையத்திலேயே கிடக்கும்.

இன்றும் சிலர் இம்முறையைப் பேணிவருகிறார்கள். பரீட்சை எழுதித் தகுதி பெற்றவர்களே இதில் அனுப்பலாம். மறைகுறியில் எழுதக்கூடாது, யாரும் வாசிக்கலாம். ஆகவே குடும்ப இரகசியங்களுக்கு இது இடமல்ல.

நமக்கோ தபாற்காரர்தான் கதி. எவ்வளவு சரியான விலாசமானாலும் அங்கே ஆள் இல்லாவிட்டால் பயனில்லை. அகதிக் கோரிக்கை விசாரணைக்கு வரும்படி அனுப்பிய கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடந்தால், கோரிக்கையே கைவிடப்பட்டதாகத் தீர்மானிக்கப்படலாம். வீடு மாறிய அன்றே விசாரணைச் சபைக்கும், குடிவரவுக் கந்தோருக்கும், உங்கள் வழக்கறிஞருக்கும் புதிய விலாசத்தை எழுத்தில் அறிவியுங்கள். அதன் பிரதியொன்றைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு ஊரில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.