மூச்சடக்கவா சொல்கிறீர்கள்?

முத்துக் குளித்தவன் மூச்சடக்கினான். மூழ்கி எழுந்ததும் நல்ல காற்று கிடைத்தது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தோழனுக்கு? கப்பலும் லாரியும் கக்கும் டீசல் புகை! அதன் கரித்துகள் 2.5 மைக்ரானுக்கும் சிறியது; நுரையீரலின் அடிவரை நுழைவது.

வழியில்லையா? உண்டு! உயர் மின்னழுத்தக் கம்பி துகளுக்கு மின்னேற்றும். எதிரே நிற்கும் தகடு இழுத்துக்கொள்ளும். 1907-இல் அமெரிக்க அறிஞர் காட்ரெல் உருவாக்கிய முறை. அனல்மின் நிலையங்களுக்கு இக்கருவியை நம் ராணிப்பேட்டையிலேயே செய்கிறார்கள்!

டீசல் கரி தகட்டைத் தொட்டதும் மின்னிழந்து மீண்டும் பறக்கும் என்பார்கள். உண்மைதான். அந்தத் தடையைத் தாண்டத்தானே ஆராய்ச்சி? துறைமுகம் டில்லியின் கையில். வருமானத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கட்டும். உழைப்பவனை மூச்சடக்கச் சொல்லாதீர்கள், புகையை அடக்குங்கள்!