வெயிலுக்கு விலை உண்டா?

தூத்துக்குடிப் பக்கத்து வெயிலைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கடல் நீரைப் பாத்தியில் கட்டி வைத்தால் போதும், மற்ற வேலையை வெயிலும் காற்றும் பார்த்துக் கொள்கின்றன. வெள்ளை வெளேரென்று உப்பு விளைந்து விடுகிறது. அந்த வெயிலே வீட்டு விளக்கையும் எரிக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஊரை ஒட்டினாற்போல் இருக்கும் மாப்பிள்ளையூரணியில் என் பெரியம்மா மகள் குடியிருக்கிறாள். சென்ற மாதம் போயிருந்தபோது காப்பி டம்ளருடன் ஒரு காகிதத்தையும் என் கையில் வைத்தாள்.

"ஏளா, நீதான் பத்திரிகையில எழுதுறவளாச்சே. இந்தக் கணக்கு சரியான்னு பாத்துச் சொல்லு. மாடியில 3 கிலோவாட் சோலார் போட்டா பில்லே வராதுங்கான்."

எழுதிக் கொடுத்தவர் சூரியத் தகடு விற்கும் மனிதர். அவர் வயிற்றுப் பிழைப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கை நாம் போட வேண்டாமா? மின் கணக்கு அட்டையை எடுத்து வரச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு 560 யூனிட்.

சகோதரிகளே, இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய்கறிக் கடையில் அதிகம் வாங்கினால் விலை குறையும். மின்சாரத்தில் நேர் எதிர்! யூனிட் ஏற ஏற, ஒவ்வொரு யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறுகிறது. 2016 மே மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று உத்தரவாயிற்று. ஆக, அடியில் இருப்பது சும்மா கிடைப்பது, உச்சியில் இருப்பதுதான் நம் பர்ஸைக் கடிப்பது. அந்த உச்சியை வெட்டினால் போதும். அடிவேர் வரை வெட்டக் கடன் வாங்குவானேன்?

ஒரு கிலோவாட் தகடு நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. மூன்று கிலோவாட் என்றால் 720! அக்கா வீட்டுச் செலவே 560தான். மிஞ்சுவதை மின் வாரியத்துக்கு அனுப்பலாம், வாஸ்தவம். ஆனால் நாம் வாங்குகிற விலைக்கு அவர்கள் வாங்க மாட்டார்கள்.

அண்ணாந்து பார்த்தேன். பழைய காலத்து மின்விசிறி, ஆடி அசைந்து சுற்றிக் கொண்டிருந்தது. அப்படி நான்கு. ஒவ்வொன்றும் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் நான்கும் தின்பது 216 யூனிட். இப்போது வருகிற பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவு போதும். 86 யூனிட்டோடு முடிந்து விடும். விசிறியை மாற்றுவதிலேயே 130 யூனிட் மிச்சம், மாடிப்படி ஏறாமலே! வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது கைக்கெட்டும் வழி. வீடு மாறும்போது விசிறியைக் கழற்றிக் கொண்டு போகலாமே.

பாக்கி 430. ஒரு கிலோவாட் தகடு போட்டால் 190க்கு இறங்கி விடுகிறது.

"அப்படின்னா மழைக் காலத்துல கரண்டு போனா?" என்றாள் அக்கா. கேள்வியின் அடியில் இருந்தது 2023 டிசம்பர் என்று எனக்குப் புரிந்தது. அந்த 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே! முழங்கால் தண்ணீரில், இருட்டில், பெரியம்மாவைக் கட்டிலில் உட்கார்த்தி வைத்துக் கொண்டு இரவுகளைக் கழித்தவள் அவள். பில்லைக் காட்டிலும் அந்த இருட்டுக்குப் பயந்துதான் தகடு போட நினைத்திருக்கிறாள்.

சொல்லவே மனசில்லைதான். ஆனாலும் சொன்னேன். வாரியத்துக் கம்பியோடு இணைக்கிற சாதாரண சூரியத் தகடு, கம்பியில் மின்சாரம் போனவுடன் தானும் நின்று விடும். பட்டப் பகலில் வெயில் கொளுத்தினாலும் சரிதான். கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் மேல் நம் மாடி மின்சாரம் பாய்ந்து விடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. இருட்டுக்கு விளக்கு வேண்டுமானால் பாட்டரி தனியே வேண்டும். இந்த ஒரு விஷயத்தை விற்க வருகிற எத்தனை பேர் தாமாகச் சொல்கிறார்கள்?

அக்கா சற்று நேரம் பேசவில்லை. "அப்பம் பாட்டரிக்கும் சேத்து விலை கேக்கணும்" என்றாள் பிறகு.

மத்திய அரசின் மானியம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். 2026-27 நிதியாண்டு வரைக்கும் என்று வகுத்த திட்டம். பதிவு பெற்ற நிறுவனம்தான் பதிக்க வேண்டும். தகடு இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகே பணம் நம் பாங்குக் கணக்குக்கு வரும். மின் இணைப்பு காலமான மாமனார் பெயரிலேயே இருக்கிறதா? அக்கா வீட்டில் அப்படித்தான். முதலில் பெயர் மாற்றம் செய்து கொள்ளுங்கள்.

கடலோரத்துக்கு மட்டும் இன்னொரு வார்த்தை. உப்புக் காற்று இரும்பை அரிக்கும். தாங்கும் சட்டத்துக்கு நல்ல துத்தநாகப் பூச்சோ அலுமினியமோ உண்டா, தகடு உப்புக் காற்றுச் சோதனையில் தேறியதா என்று எழுத்தில் கேளுங்கள். துடைப்பது அதிகாலையில், உப்பு நீர் போர் தண்ணீரில் துடைத்தால் வெள்ளைத் திட்டுத்தான் மிஞ்சும்.

தூத்துக்குடிக்கு இதெல்லாம் புதிதல்ல. அனல் மின் நிலையம் நிலக்கரியை எரித்துக் கொண்டிருந்த காலத்திலேயே, 1986-ல், நம் நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்றைப் பக்கத்து முள்ளக்காட்டில் நிறுத்தினார்கள். ஒவ்வொன்றும் 55 கிலோவாட். இன்று அது விளையாட்டுச் சாமானாகத் தோன்றும்.

நான் கிளம்பும்போது மாடியில் ஏதோ சத்தம். ஏறிப் பார்த்தால் பெரியம்மா சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டுக் கொண்டிருந்தார். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது.

"இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு ஒங்க தகடு. இங்கிட்டு எனக்கு வத்தல் காயப் போட. சொல்லிட்டேன்!"