உதிரிப்பாகம் ஆடம்பரப் பொருளா?

நெல்லியடிச் சந்தியிலிருந்து கரவெட்டிக்குள் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தகரக் கொட்டில் ஒன்றின் கீழ் ஒரு மோட்டார் சைக்கிள் இரண்டு மாதமாக எஞ்சின் கழற்றிய நிலையில் நிற்கின்றது. அதன் சொந்தக்காரர் விடியற்காலையில் பருத்தித்துறைக்குப் போய் மீன் வாங்கி, பெட்டியில் கட்டி ஊர் ஊராக விற்பவர். இப்போது இன்னொருவரின் மோட்டார் சைக்கிளை நாள் வாடகைக்கு எடுத்து ஓடுகின்றார். கிடைக்கும் இலாபத்தில் பாதி வாடகைக்கே போய்விடுகின்றது.

"எப்ப தம்பி முடியும்?" என்று மெக்கானிக்கைக் கேட்டேன்.

"இஞ்சை விக்கிற விலைக்கு அவராலை வாங்கேலாது ஐயா. இந்தியாவுக்குப் போன ஆரோ சாமான் கொண்டு வாறாங்களாம். பாப்பம்."

இந்தப் "பாப்பம்" என்ற ஒரு சொல்லில்தான் இந்நாட்டின் இறக்குமதிக் கொள்கை முழுவதும் அடங்கியிருக்கின்றது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. சொந்தப் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். டொலர் இல்லை, இருக்கும் வாகனத்தை வைத்துச் சமாளியுங்கள் என்பதே அதன் பொருள். சரி, சமாளிக்கின்றோம். எதை வைத்துச் சமாளிப்பது? பழைய வாகனம் ஓட வேண்டுமானால் பிஸ்டன் வேண்டும், செயின் வேண்டும், பிறேக் வேண்டும். அவை கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்துதான் வருகின்றன.

2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டது. 200 ரூபாவைச் சுற்றியிருந்த டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாவை எட்டியது. பின்னர் சற்று இறங்கினாலும் பழைய இடத்துக்கு அது திரும்பவில்லை. அந்தச் சுமை போதாதென்று வரிகளும் ஏறின. 2022 ஒக்ரோபரில் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி வந்தது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமாயிற்று. இவை ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பவை. நூறு ரூபாப் பொருளுக்கு இருபது ரூபா தீர்வை என்று வைத்துக்கொள்வோம். பெறுமதி சேர் வரியை நூறுக்குக் கணிப்பதில்லை, தீர்வையையும் சேர்த்தே கணிக்கின்றார்கள். வரிக்கும் வரி!

அந்நியச் செலாவணியைக் காக்க வேண்டாமா என்று கொழும்புப் பொருளாதார அறிஞர்கள் கேட்பார்கள். காக்கத்தான் வேண்டும். ஒரு கிளச் பிளேற்றுக்குச் செலவாகும் டொலர் எவ்வளவு? அது கிடைக்காமல் ஒரு வாகனம் குப்பைக்குப் போனால், அதற்குப் பதிலாகப் புதியதை இறக்கச் செலவாகும் டொலர் எவ்வளவு? உதிரிப்பாகம் செலாவணியைத் தின்னும் பொருளல்ல, மிச்சம் பிடிக்கும் பொருள். இந்தச் சிறு கணக்கு நெல்லியடிச் சந்தை வியாபாரிக்குப் புரிகின்றது. திறைசேரிக்கு ஏன் புரியவில்லை?

வர்ணப்பூச்சு அழகு சாதனம், அதற்கு வரி போட்டால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் வடமராட்சிக்கு ஒருமுறை வரட்டும். இங்கே காற்றிலேயே உப்பு இருக்கின்றது. மீன் பெட்டியிலிருந்து வடியும் நீர் சட்டத்தில் ஊறுகின்றது. பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்கின்றது, துரு இரும்பைத் தின்கின்றது. எங்களுக்குப் பெயின்ற் என்பது வாகனத்தின் தோல். பெயின்ற்றும் தின்னரும் எளிதில் தீப்பற்றும் திரவங்கள் ஆதலால் விமானப் பயணி அவற்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரவும் முடியாது. கொழும்புக் கடையின் விலையே விலை.

இந்தப் பாகங்களில் பல இந்தியாவில் செய்யப்படுபவை. பருத்தித்துறைக்கும் கோடியக்கரைக்கும் இடையே உள்ள கடல் எழுபது கிலோமீற்றருக்கு உட்பட்டது. ஆனால் சரக்கு தீவைச் சுற்றிக் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் தரைவழியாக எங்களிடம் வருகின்றது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல் தொடங்கி, சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடியது. பயணிகள் போய்வர வழி பிறந்தது நல்லது. முறையான சிறு வணிகத்துக்கு அந்தக் கடல் இன்னும் திறக்கவில்லை. ஆகவே பயணப் பையே இறக்குமதியாளராகிவிட்டது. சென்னையில் இப்படிச் சாமான் காவுவோரைக் 'குருவி' என்பார்கள். எங்கள் மீன் வியாபாரியின் பிழைப்பு ஒரு குருவியின் சிறகில் தொங்குகின்றது.

குருவியும் வராதபோது போலி வருகின்றது. அசல் போலவே பெட்டி, அசல் போலவே முத்திரை, விலையோ பாதி. போலி பிறேக் சூ ஒன்று எந்த வளைவில் கைவிடும் என்று யாருக்குத் தெரியும்? இலங்கையில் பதிவாகியுள்ள வாகனங்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அவற்றில் போகின்றவர்கள் நாட்டின் ஏழைகளும் நடுத்தர மக்களும்.

எங்கள் ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வடக்குக்குத் தடைசெய்யப்பட்டன. சில துளி பெற்றோல் விட்டு இயக்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம். புலம்பெயர்ந்த நாடுகளின் ஒன்றுகூடல்களில் இதைப் பெருமையாகப் பேசுகின்றோம். பேசலாம். ஆனால் அது கழுத்தை நெரித்தபோது மூச்சுவிடக் கற்றுக்கொண்ட வித்தை. அதைக் காட்டி, "யாழ்ப்பாணத்தான் எப்படியும் சமாளிப்பான்" என்று அரசு தப்பிக்க இடம் கொடுக்கக் கூடாது.

இங்கேயே செய்ய முடியாதா என்றால், முடியும். மொறிஸ் மைனர் காரின் உற்பத்தியை இங்கிலாந்து 1970களின் தொடக்கத்தில் நிறுத்தியது. 1990களில் காலிப் பகுதியில் எழுந்த தொழிலகம் ஒன்று அந்தக் காரின் தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது! காலியில் முடிந்தது கரவெட்டியில் ஏன் முடியாது? கை இருக்கின்றது. உருக்குக்கும் இயந்திரத்துக்கும் கடனும் சந்தையும்தான் இல்லை.

கேட்பது பெரிதல்ல. திருத்தப் பயன்படும் பாகங்களையும் பூச்சுக்களையும் ஆடம்பரப் பொருட்களிலிருந்து பிரித்து, தீர்வையைக் குறையுங்கள். காங்கேசன்துறையில் சிறு வணிகர் முறைப்படி சரக்கு இறக்க வழிசெய்யுங்கள். போலியைத் துறைமுகத்திலேயே பிடியுங்கள்.

நேற்றும் அந்த ஒழுங்கையால் போனேன். எஞ்சின் இல்லாத அந்த மோட்டார் சைக்கிளின் சட்டத்தில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. சாமான் வந்து சேரும்போது, அதைப் பூட்டுவதற்குச் சட்டம் மிஞ்சியிருக்க வேண்டும்.